தார்ச்சாலையின் தரமும் ஒப்பந்ததாரரின் பில்லும்: வாசகர் கேள்வி – பதில்

சாலை போடும் ஒப்பந்ததாரருக்குத் தரத்தைப் பார்த்துப் பணம் கொடுக்கும் முறை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் ஊரில் போட்ட தார்ச்சாலைக்கு எல்லாச் சோதனையிலும் ‘பாஸ்’ என்று அறிக்கை இருக்கிறது. பில்லும் முழுசாகப் போய்விட்டது. இரண்டாவது மழைக்காலத்திலேயே ஜல்லி பெயர்ந்து நிற்கிறது. தரம் குறைந்தால் பணத்தையும் குறை என்று ஒப்பந்தத்திலேயே எழுத முடியாதா?
– பேரூராட்சிக் கவுன்சிலர், தேனி மாவட்டம்

எழுத முடியும். பல நாடுகளில் பல ஆண்டுகளாக எழுதியும் வருகிறார்கள். அதற்கு முன், இப்போதுள்ள முறை ஏன் கைகொடுக்கவில்லை என்று பார்த்துவிடலாம்.

நம் தார்ச்சாலை ஒப்பந்தங்களில் பொறியாளர் கையில் இருப்பவை இரண்டே வழிகள்: ஏற்றுக்கொள்வது, அல்லது பெயர்த்தெடுக்கச் சொல்வது. ஒரு கிலோமீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் கனம் என்றால் சுமார் 670 டன் கலவை. அதைப் பெயர்த்தெடுக்கச் சொன்னால் போக்குவரத்தை மறிக்க வேண்டும், ஒப்பந்ததாரர் நீதிமன்றம் போவார், அந்த நிதியாண்டில் வேலை முடியாது. அதனால் எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கும் வேலையெல்லாம் ஏறக்குறைய எப்போதும் ‘பாஸ்’ ஆகிவிடுகிறது. பொறியாளர் நேர்மையானவராக இருந்தாலும் இதுதான் நடக்கும். எல்லைக்கோட்டைத் தொட்டாலே முழுப் பணம் வரும் என்றால், அதற்கு மேல் செலவழிக்கிற ஒப்பந்ததாரர் அடுத்த டெண்டரில் விலையில் தோற்றுப்போவார்.

‘பில்லில் பிடித்தம் வைத்திருக்கிறோமே’ என்று அதிகாரிகள் சொல்வார்கள். பிடித்தம் தரத்தை அளப்பதில்லை. நன்றாகப் போட்டவருக்கும் சுமாராகப் போட்டவருக்கும் ஒரே விழுக்காடுதான் பிடிக்கிறார்கள். குறைதீர் காலம் முடிந்ததும் இருவருக்கும் ஒரே மாதிரிதான் திரும்பப் போகிறது. நடுவில் சாலை பெயர்ந்தாலும், ‘லாரிகள் அதிக பாரம் ஏற்றின’, ‘வடிகால் இல்லாமல் தண்ணீர் நின்றது’ என்று வழக்காடலாம். அவற்றில் பாதி உண்மையாகவும் இருக்கும். எனவே காரணத்தைத் தேடி ஆண்டுக்கணக்கில் காத்திருக்காமல், போட்ட வாரத்திலேயே கோர் (சாலையிலிருந்து உருளை வடிவில் வெட்டியெடுக்கும் மாதிரி) வெட்டி அளந்து, அளவுக்கேற்ப அந்தப் பகுதியின் பில்லைக் கூட்டுவதோ குறைப்பதோதான் சரியான வழி.

அமெரிக்காவில் இதற்கான விதை 1958 முதல் 1960 வரை இலினாய் மாநிலத்தின் ஒட்டாவா அருகே நடந்த ‘ஆஷோ’ (அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம்) சாலைச் சோதனையில் விழுந்தது. மிகுந்த கண்காணிப்போடு போட்ட சோதனைச் சாலையிலேயே அடர்த்தி, கனம் ஆகியவை இடத்துக்கு இடம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக மாறுபட்டன. எல்லா இடத்திலும் ஒரே எண் வர வேண்டும் என்று எழுதுவது நடக்காத காரியம் என்று தெரிந்த பிறகு, மாறுபாட்டையே அளந்து அதற்கு விலை வைக்கும் விவரக்குறிப்புகளை எழுதத் தொடங்கினார்கள்.

பி.டபிள்யூ.எல். முறை என்று படித்தேன். சூத்திரம் புரியவில்லை. நான்கு கோர் எடுத்தால் பில் எப்படி மாறும் என்று எண்களோடு காட்ட முடியுமா?
– உதவிப் பொறியாளர், திருச்சிராப்பள்ளி

போட்ட வேலையில் எத்தனை விழுக்காடு, விவரக்குறிப்பின் எல்லைக்குள் விழுகிறது என்று மதிப்பிடுவதுதான் பி.டபிள்யூ.எல். (‘பெர்சென்ட் விதின் லிமிட்ஸ்’). சராசரி மட்டும் போதாது, சிதறலும் கணக்கில் வர வேண்டும் என்பதுதான் இதன் உயிர்.

அடர்த்தியை எடுத்துக்கொள்வோம். கலவையில் காற்றே இல்லாவிட்டால் வரக்கூடிய உச்ச அடர்த்தியை 100 என்று வைத்து, கோரின் அடர்த்தியை அதன் விழுக்காடாகச் சொல்கிறோம். கீழெல்லை 92 என்று கொள்வோம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இதுவோ இதையொட்டிய எண்ணோதான் இருக்கிறது.

முதல் பகுதியின் நான்கு கோர்கள்: 93.2, 93.6, 94.0, 92.8. சராசரி 93.4. திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 0.52.

இரண்டாம் பகுதி: 95.4, 91.6, 94.6, 92.0. இதற்கும் சராசரி 93.4தான். திட்ட விலக்கம் 1.88.

சராசரியை மட்டும் பார்க்கும் அலுவலகத்தில் இரண்டு பகுதிக்கும் ஒரே பில். இப்போது சராசரியிலிருந்து கீழெல்லையைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுங்கள். இதைத் தரக் குறியீடு என்போம். முதல் பகுதிக்கு 1.4 ÷ 0.52, அதாவது ஏறக்குறைய 2.7. இரண்டாம் பகுதிக்கு 1.4 ÷ 1.88, அதாவது 0.74. வழக்கமாக இந்தக் குறியீட்டை அட்டவணையில் பார்த்து விழுக்காடாக மாற்றுவார்கள். கோர் எண்ணிக்கை சரியாக நான்கு என்றால் அட்டவணை வேண்டாம்: குறியீட்டை 33.3-ஆல் பெருக்கி 50-ஐக் கூட்டினால் போதும். குறியீடு 1.5-ஐத் தாண்டினால் விடை 100. ஆக முதல் பகுதி 100, இரண்டாவது சுமார் 74.8.

அடுத்தது பணம். அமெரிக்காவில் பரவலாக வழங்கும் சூத்திரம்: 55 + (0.5 × பி.டபிள்யூ.எல்.). 90 வாங்கினால் பில்லில் 100 விழுக்காடு. 100 வாங்கினால் 105. நம் இரண்டாம் பகுதிக்கு 92.4. அந்தப் பகுதிகளின் ஒப்பந்த மதிப்பு தலா 30 லட்சம் ரூபாய் என்றால் முதலாவதற்கு 31.5 லட்சம், இரண்டாவதற்கு 27.72 லட்சம். சராசரி அடர்த்தி ஒன்றேயான இரண்டு பகுதிகளுக்கு நடுவே 3.78 லட்சம் வித்தியாசம். இந்த வித்தியாசம்தான் ரோலர் ஓட்டுநரின் கவனத்துக்கும், டிப்பர்களை ஒழுங்காக வரவைப்பதற்கும் ஒப்பந்ததாரர் செலவழிக்கக் காரணம் தருகிறது.

கீழே போகப்போகத் தண்டனை செங்குத்தாக வேண்டும் என்று நினைப்பவர்கள் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஓடுபாதை விவரக்குறிப்பைப் பார்க்கலாம். அங்கே பி.டபிள்யூ.எல். 75 முதல் 89 வரை மேற்சொன்ன சூத்திரமேதான். 75-க்குக் கீழே போனதும் 1.4-ஆல் பெருக்கி 12-ஐக் கழிக்கிறார்கள். 60 வாங்கினால் 72 விழுக்காடுதான் கைக்கு வரும். 55-க்குக் கீழே போனால் பெயர்த்தெடுக்க வேண்டியதுதான்.

இது அந்நியச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பில், 900-ஆம் பிரிவில், மண் வேலையின் கெட்டிப்பை ஏற்கும் விதி இதே சிந்தனைதான்: சராசரி அடர்த்தி, குறித்த அளவைவிட, திட்ட விலக்கத்தின் [1.65 – 1.65/√n] மடங்கு கூடுதலாக இருக்க வேண்டும் (n என்பது சோதனை எண்ணிக்கை). ஒன்பது சோதனை என்றால் அந்த மடங்கு 1.1. சிதறல் 1 விழுக்காடு உள்ளவர் 1.1 கூடுதலாகவும், 2 விழுக்காடு உள்ளவர் 2.2 கூடுதலாகவும் காட்ட வேண்டும். சிதறலைத் தண்டிக்க நமக்கு ஏற்கெனவே தெரியும். அதைப் பில்லோடு இணைக்கத்தான் இன்னும் தயங்குகிறோம்.

தரத்துக்கேற்பப் பணம் என்றாலே வெட்டுவது மட்டும்தான் நடக்கிறது. நன்றாகப் போட்டால் ஒரு பைசா கூடுதலாகத் தருவதில்லை. இது நியாயமா?
– சாலை ஒப்பந்ததாரர், நாமக்கல்

நியாயமில்லை. கணக்கும் உங்கள் பக்கம்தான்.

ஒரு பகுதிக்கு நான்கைந்து கோர்தான் வெட்டுகிறோம். உண்மையில் உங்கள் வேலை சரியாக 90 விழுக்காடு எல்லைக்குள் இருந்தாலும், கோர் விழும் இடத்தைப் பொறுத்து ஒரு நாள் 100 வரும், ஒரு நாள் 80 வரும். மூன்று பகுதிகளுக்கு 100, 90, 80 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பில் 105, 100, 95. சராசரி 100. நீங்கள் செய்த வேலைக்குச் சரியான கூலி. இதே இடத்தில் ‘100-க்கு மேல் கிடையாது’ என்று மூடி போட்டால் 100, 100, 95, சராசரி 98.3. குறை எதுவும் செய்யாதவர் தொடர்ந்து நட்டப்படுகிறார். ஊக்கத்தொகை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாலும், மாதிரி எடுப்பதில் வரும் தற்செயலைச் சமன் செய்வதுதான் அதன் முதல் வேலை. ஊக்கத்தொகை இல்லாமல் வெட்டு மட்டும் எழுதும் துறை, அந்த நட்டத்தை டெண்டர் விலையில் தானே சுமக்க நேரிடும். தணிக்கை ஆட்சேபத்துக்கு அஞ்சித்தான் அதிகாரிகள் கூடுதல் தொகையைத் தவிர்க்கிறார்கள். அதற்கென மதிப்பீட்டிலேயே 5 விழுக்காடு தனித் தலைப்பில் ஒதுக்கிவிட்டால் அந்தப் பயத்துக்கு இடமில்லை.

இன்னொன்றையும் டெண்டருக்கு முன் கேளுங்கள்: வெட்டும் கூட்டும் எந்த விலையில்? நீங்கள் கேட்ட விலையின் விழுக்காடா, துறை மதிப்பீட்டின் விழுக்காடா? மிகக் குறைந்த விலைக்கு எடுத்தவருக்கு, தன் விலையில் 8 விழுக்காடு வெட்டு லேசாகத்தான் வலிக்கும். எங்கள் கருத்தில் துறை மதிப்பீட்டில் கணக்கிடுவதே நல்லது.

சிதறலைக் குறைக்க வழி கேட்கும் ஒப்பந்ததாரர்கள் முதலில் பார்க்க வேண்டியது பேவர் (கலவையைச் சாலையில் பரப்பும் இயந்திரம்) நிற்கிறதா என்பதைத்தான். பேவர் நின்று நின்று போனால் அது நின்ற ஒவ்வோர் இடத்திலும் கலவை ஆறும், ரோலர் ஏறும்போது அந்த இடம் கெட்டிப்படாது. மணிக்கு 120 டன் தரும் பிளான்ட் (கலவை ஆலை), 3.5 மீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் கனம் என்றால் பேவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 மீட்டர் போகலாம். 16 டன் டிப்பர் எட்டு நிமிடத்துக்கு ஒன்று வந்தாக வேண்டும். ஏற்றி, போய், இறக்கித் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆனால் 12 டிப்பர் தேவை. கையில் ஆறு டிப்பர்தான் இருக்கிறதென்றால் பேவரை நிமிடத்துக்கு 3 மீட்டருக்குக் குறையுங்கள். 6 மீட்டரில் ஓடி, நின்று, காத்திருக்க வேண்டாம்.

வெப்பநிலையை இறக்கும்போதே பாருங்கள். வி.ஜி.-30 என்ற வகைத் தாருக்கு, இறக்கும் கலவை குறைந்தது 140 டிகிரி செல்சியஸ், உருட்டல் முடியும்போது 90-க்குக் குறையக் கூடாது. வி.ஜி.-40 என்றால் 150-ம் 100-ம். டிப்பரின் மேல் தார்ப்பாய் இல்லாவிட்டால் மேற்பரப்பு ஆறிக் கட்டியாகும். அந்தக் கட்டி விழுந்த இடத்தில் கோர் வெட்டினால் எண் கீழே போகும். ரோலர் மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் ஓடக் கூடாது. சாயங்காலம் வேலையை முடிக்கும் அவசரத்தில் இந்த வேகம்தான் முதலில் மீறப்படுகிறது. இரண்டு பட்டைகள் சேரும் நீள ஜாயின்டைத் தனியாகக் கவனியுங்கள். சாலையிலேயே அடர்த்தி குறைந்த இடம் அதுதான். பெயர்வதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

எந்தெந்தச் சோதனையைப் பில்லோடு இணைக்க வேண்டும்? எல்லாவற்றையும் இணைத்தால் என்ன?
– கட்டடப் பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்

எல்லாவற்றையும் இணைத்தால் ஒரே குறைக்கு இரண்டு மூன்று முறை தண்டனை விழும். ஜல்லி அளவு மாறினால் காற்றிடமும் (கலவைக்குள் காற்று நிற்கும் இடைவெளி) மாறும், அடர்த்தியும் மாறும். மூன்றுக்கும் தனித்தனியே வெட்டினால் ஒப்பந்ததாரர் வழக்குக்குப் போவார், வெல்லவும் செய்வார். சாலையின் ஆயுளை நேரடியாக ஆள்பவை எவையோ அவற்றை மட்டும் இணைக்க வேண்டும்: களத்து அடர்த்தி, தார் அளவு, கனம், ஓட்டச் சமன்மை (வண்டி குலுங்காமல் ஓடும் சமதளம்). மற்றவை கண்காணிப்புச் சோதனைகளாக இருக்கட்டும்.

இவற்றில் அடர்த்திக்கே அதிக எடை தர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. வாஷிங்டன் மாநிலச் சாலைத் தரவையும் சேர்த்துப் பார்த்து 1989-இல் வெளியான ஓர் ஆய்வு, காற்றிடம் 7 விழுக்காட்டைத் தாண்டிய பின் கூடும் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் சாலை ஆயுளில் ஏறக்குறைய 10 விழுக்காடு போகிறது என்று மதிப்பிட்டது. காரணம் எளிது. காற்றிடங்கள் சுமார் 8 விழுக்காட்டுக்கு மேல் போனால் ஒன்றோடொன்று இணைந்து நீர் புகும் வழியாகின்றன. தண்ணீர் தாருக்கும் ஜல்லிக்கும் நடுவே புகுந்து பிடியை விடுவிக்கிறது. காற்று தாரை முதுமையாக்கி நொறுங்கச் செய்கிறது. தேனி வாசகர் சொன்ன ‘இரண்டாவது மழை’ பெரும்பாலும் இந்தக் கதைதான்.

தார் அளவில் ஒரு நுணுக்கம் உண்டு. மெல்லிய பி.சி. (மேலடுக்குக்குப் போடும் ‘பிட்டுமினஸ் கான்கிரீட்’) கலவைக்கு (இரண்டாம் தரம், 30–40 மில்லிமீட்டர்) குறைந்தபட்சத் தார் 5.4 விழுக்காடு. அன்றாட உற்பத்தியில், அங்கீகரித்த கலவை அளவிலிருந்து 0.3 கூடவோ குறையவோ போகலாம் என்று விவரக்குறிப்பு இடம் தருகிறது. இயந்திரத்தின் இயல்பான தள்ளாட்டத்துக்காகத் தந்த சலுகை அது. ஆனால் பிளான்டையே 0.3 குறைவாக அமைத்துவிட்டால்? 672 டன்னில் இரண்டு டன் தார் மிச்சம். கிலோமீட்டருக்கு இரண்டு டன். ஒவ்வொரு சோதனையும் எல்லையை ஒட்டியே வரும். கீழே விழுந்த ஒன்றிரண்டை ‘மறுசோதனை’ சரிசெய்துவிடும். பி.டபிள்யூ.எல். கணக்கில் இந்தத் தந்திரம் பலிக்காது. சராசரியே எல்லைக்கோட்டில் உட்கார்ந்தால் பாதி வேலை எல்லைக்கு வெளியே என்றுதான் கணக்கு சொல்லும்: பி.டபிள்யூ.எல். 50, பில்லில் 20 விழுக்காடு வெட்டு. இரண்டு டன் தாரைவிட அது பல மடங்கு.

ஓட்டச் சமன்மைக்கு நம்மிடம் பம்ப் இன்டகிரேட்டர் (சாலையில் ஓட்டி மேடுபள்ளத்தைக் கூட்டி அளக்கும் கருவி) எண் இருக்கிறது. பி.சி. மேற்பரப்பில் கிலோமீட்டருக்கு 2,000 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் நல்ல சாலை, 3,000-ஐத் தாண்டினால் மோசம் என்பது இந்தியச் சாலைப் பேரவையின் வகைப்பாடு. பில்லோடு இணைக்கச் சுலபமானது. மக்கள் உணர்வதும் அதைத்தான். ஆனால் சமன்மைக்கு மட்டும் பணம் தந்தால் ஆபத்து. மேடுபள்ளம் வராமல் இருக்க உருட்டலைச் சீக்கிரம் நிறுத்திவிடுவார்கள். மேலே சாலை வழவழப்பாக இருக்கும், உள்ளே காற்று நிறைந்திருக்கும். எனவே அடர்த்திக்கான பி.டபிள்யூ.எல். 100 வாங்கிய பகுதிக்குத்தான் சமன்மைக்கான கூடுதல் தொகை என்று எழுதுவது பாதுகாப்பு.

கோர் முடிவில் பணம் தொங்குகிறது என்றால் கோரிலேயே கைவைப்பார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?
– தரக்கட்டுப்பாட்டு ஆய்வகப் பணியாளர், மதுரை

இதுதான் மொத்த முறையின் பலவீனமான இடம். பணம் அதிகம் தொங்கத் தொங்க, மாதிரி மீது அழுத்தமும் கூடும்.

முதலில் இடம். ‘இங்கே வெட்டுங்கள்’ என்று யாரும் கை காட்டக் கூடாது. அன்றைய 670 டன் வேலையை நான்கு சம உட்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று என்று இரண்டு சமவாய்ப்பு எண்களை எடுத்து இடத்தைக் குறிக்க வேண்டும். 250 மீட்டர் உட்பகுதியில் 0.37 வந்தால் 92.5-ஆவது மீட்டர். எண்ணை உருட்டல் முடிந்த பிறகே எடுக்க வேண்டும். முன்கூட்டித் தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் ரோலர் நான்கு முறை கூடுதலாக ஓடும். ஓரத்தையும் ஜாயின்டையும் ஒதுக்கிவிட்டு நடுவில் மட்டும் வெட்டும் பழக்கம் இருந்தால், அவற்றுக்குத் தனி எல்லையும் தனிக் கோரும் வைக்க வேண்டும்; கணக்கிலிருந்தே விட்டுவிடக் கூடாது.

அடுத்தது எடை. கோரைக் காற்றில் உலர்ந்த நிலையிலும், தண்ணீருக்குள்ளும், பிறகு வெளியே எடுத்து மேற்பரப்பைத் துடைத்தும் மூன்று முறை எடை போடுகிறோம். வெட்டும்போது ஊற்றிய தண்ணீர் உள்ளே இருக்க, முழுதும் உலர்த்தாமல் ‘உலர் எடை’ எடுத்தால் அடர்த்தி உண்மையைவிடக் கூடுதலாக வரும். எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தியதற்குப் பதிவு வேண்டும்.

மூன்றாவதும் முக்கியமானதும் வகுக்கும் எண். கோர் அடர்த்தியை எந்த உச்ச அடர்த்தியால் வகுக்கிறீர்கள்? கோர் 2.300, அன்றைய கலவையின் உச்ச அடர்த்தி 2.500 என்றால் 92.0 விழுக்காடு. யாரோ பழைய கலவை அறிக்கையிலிருந்து 2.470 என்று எடுத்துப் போட்டால் அதே கோர் 93.1 ஆகிவிடும். கோரைத் தொடவே இல்லை, பில் ஏறிவிட்டது. அதனால் உச்ச அடர்த்தியை அந்தந்த நாள் கலவையிலிருந்தே எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

சோதனையை யார் செய்வது என்பதற்கு அமெரிக்கக் கூட்டரசு விதி நல்ல வழிகாட்டி. 1995 முதல், ஒப்பந்ததாரரின் சோதனை முடிவுகளைப் பில்லுக்குப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தார்கள். ஆனால் துறையோ அது நியமித்தவரோ தனியாக எடுத்த மாதிரிகளோடு அவை ஒத்துப்போக வேண்டும். ஒரே கோரை இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பாதி சோதிப்பது, ஆய்வகங்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று காட்டும். மாதிரியே தேர்ந்தெடுத்து எடுக்கப்பட்டதா என்று காட்டாது. அதற்குத் தனி இடத்தில் தனிக் கோர் வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் பிளந்த பாதியையே ‘சரிபார்ப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள்.

சிமென்ட் சாலைக்கும் இது பொருந்துமா? – வாசகர், வேலூர்

பொருந்தும். இன்னும் சுலபம். கான்கிரீட் பலகையின் சராசரிக் கனம் குறைந்தால் பில்லைப் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணை நம் அமைச்சக விவரக்குறிப்பின் 600-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. தார்ச்சாலைக்கு முடியாது என்பவர்களிடம் இதைக் காட்டலாம்.

ஐந்தாண்டு பராமரிப்பையும் ஒப்பந்ததாரர் தலையில் கட்டிவிட்டால் தரம் தானாக வராதா? இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?
– ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், திருநெல்வேலி

ஓரளவு வரும். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டவரே ஐந்தாண்டு பராமரிக்க வேண்டும். அந்தப் பராமரிப்புத் தொகையைச் சாலையின் நிலையைப் பார்த்துக் கொடுக்க ‘இ-மார்க்’ என்ற இணைய வழி வந்திருக்கிறது. தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையும் பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கி, ஒரு கோட்டத்தின் சாலைகளை மொத்தமாக ஐந்தாண்டுக்கு ஒப்படைக்கும் செயல்திறன் ஒப்பந்தங்களைக் கொண்டுவந்தது. தேசிய நெடுஞ்சாலைகளில் 2016-இல் வந்த கலப்பு ஆண்டுத்தொகை முறையில் கட்டும்போது 40 விழுக்காடுதான் கிடைக்கிறது. மீதி 60 விழுக்காடு 15 ஆண்டுகளில் பிரிந்து வருகிறது. பணம் பின்னால் இருக்கும்போது வேலை முன்னால் நன்றாக நடக்கும் என்பது உண்மை.

ஆனால் ஐந்தாண்டு போதாது. நல்ல தார் மேற்பரப்பு அதைத் தாண்டியும் நிற்க வேண்டியது. அடர்த்தி 2 விழுக்காடு குறைந்த சாலை ஐந்தாவது ஆண்டில் பள்ளம் அடைத்துக்கொண்டு தப்பித்து, ஏழாவது ஆண்டில் மொத்தமாகப் பெயரும். அப்போது பொறுப்பு துறையுடையது. இடையில் ஒப்பந்ததாரர் தொழிலை விட்டுவிட்டால் பராமரிப்பும் நின்றுவிடும். போடும் நாளில் அளந்து கொடுப்பதும், பின்னால் நிலையைப் பார்த்துக் கொடுப்பதும் இரண்டுமே வேண்டும். ஒன்றை மட்டும்தான் கொண்டுவர முடியும் என்றால் எங்கள் ஓட்டு முதலாவதற்கு.

எங்கள் தெருவில் சாலை போடப் போகிறார்கள். பொறியாளர் அல்லாத நாங்கள் என்ன கேட்கலாம், என்ன பார்க்கலாம்?
– குடியிருப்போர் நலச் சங்கம், சென்னை

பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதியது போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவுறுத்தியது. மில்லிங் நடந்தால் அன்றே, சுரண்டிய ஆழத்தை வீட்டு வாசற்படியிலிருந்து ஒரு நேர்க்கோல் வைத்து நான்கைந்து இடத்தில் அளந்து படமெடுத்து வையுங்கள். மறுநாள் புதுப் பரப்பு வந்த பின் அதே இடத்தில் மீண்டும் அளந்தால் கனம் தெரிந்துவிடும். பில் கன மீட்டருக்குத்தான் போகிறது. 40 மில்லிமீட்டருக்குப் பதில் 30 போட்டால் கால்வாசிக் கலவை காணாமல் போகிறது. காசு மட்டும் அல்ல. அடுக்கின் கனம் பெரிய ஜல்லியின் அளவைப்போல் மூன்று மடங்காவது இல்லாவிட்டால், எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் கெட்டிப்படாது. 13.2 மில்லிமீட்டர் ஜல்லிக்கு 40 தேவைப்படுவது அதனால்தான்.

சுரண்டிய பரப்பில் தூசி இருக்கும்போதே எமல்ஷன் (பழைய பரப்போடு புதியதை ஒட்டவைக்கும் தார்க் கரைசல்) அடித்தால் அது தூசியோடு ஒட்டும், சாலையோடு ஒட்டாது. கம்ப்ரசர் காற்றால் ஊதினார்களா என்று பாருங்கள். எமல்ஷன் அளவு சதுர மீட்டருக்கு 0.2 முதல் 0.3 கிலோ, பழுப்பு நிறம் மாறிக் கறுப்பான பிறகே கலவை இறங்க வேண்டும்.

 நீங்கள் மேற்கோள் காட்ட வேண்டியது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன், ஆங்கில வரிசையில் 2(ஜே) பிரிவு. ஆவண நகல் வாங்குவதோடு, நடக்கும் வேலையை ஆய்வு செய்யவும், பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் அது உரிமை தருகிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள்: அளவுப் புத்தகத்தின் நகல், அங்கீகரித்த கலவை அளவு அறிக்கை, ஒவ்வொரு கோரும் வெட்டிய இடம், தேதி, அடர்த்தி, கனம், வகுக்கப் பயன்படுத்திய உச்ச அடர்த்தி. ‘சோதனை அறிக்கை தரவும்’ என்று பொதுவாகக் கேட்டால் ‘பாஸ்’ என்ற ஒற்றைத் தாள்தான் வரும். தனித்தனி எண்கள் வந்தால் இரண்டாம் பதிலில் உள்ள கணக்கை நீங்களே போடலாம்.

எங்கள் ஊராட்சியில் போடுவது 300 மீட்டர் சாலை. இதற்கெல்லாம் நான்கு கோர், திட்ட விலக்கம் என்றால் ஆகிற காரியமா?
– ஊராட்சிச் செயலர், விழுப்புரம் மாவட்டம்

ஒவ்வொரு சாலைக்கும் தனியாக வேண்டாம். ஒரே ஒப்பந்ததாரர், ஒரே பிளான்ட், ஒரே கலவை என்றால் ஒன்றியத்தில் அந்த மாதம் போட்ட ஐந்தாறு சிறு சாலைகளைச் சேர்த்து ஒரே பகுதியாகக் கொள்ளலாம். சாலைக்கு ஒரு கோர் வந்தாலும் கணக்கு நிற்கும். அதுவும் முடியாத இடத்தில் டிப்பர் ஒவ்வொன்றின் எடைச் சீட்டு, இறக்கும்போது வெப்பநிலை, நூறு மீட்டருக்கு ஒரு கன அளவு, இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளரிடம் அன்றே கையெழுத்து வாங்குங்கள். 140 டிகிரிக்குக் கீழே வந்த வண்டியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் யாருக்கு என்பதை வேலை உத்தரவிலேயே பெயர்ப் பதவியோடு எழுதிவிடுங்கள். கோர் வெட்டிய குழியை அன்றே சூடான கலவையால் இரண்டு அடுக்காக இடித்து நிரப்பச் சொல்லுங்கள். அதற்கான பொறுப்பு யாருடையது என்று எழுதாமல் விட்டால் அந்த நான்கு அங்குலக் குழியிலிருந்தே அடுத்த பள்ளம் தொடங்கும்.